வாயில் வைத்த எண், கண்ணில் வைத்த இடம்

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திருப்பத்தூரில் பி.யு.சி. முடித்துவிட்டு ஆலங்காயத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, ஜவ்வாது மலையில் எல்லை அளக்கப் போகும் ஒரு குழுவில் தற்காலிக வேலை கிடைத்தது. புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் காடு எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து வரைபடம் போட வேண்டும். என் வேலை எழுதுவது. மலையில் எல்லாரும் என்னை ‘ரைட்டரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயதில் அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குழுவில் ஐந்து பேர். சர்வேயர் வேலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், காம்பஸை வேறு யாரும் தொட விடமாட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேர் அளவுச் சங்கிலி பிடித்தார்கள். கொடிக்கம்பு, அதாவது சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய ஆளுயரக் கம்பு, ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊரில் சாமைக் கொல்லையும் சில புளிய மரங்களும் உள்ள குடும்பம். களையெடுப்பு முடிந்துவிட்டதால் கூலிக்கு வந்திருந்தார்.

வேலை இப்படி நடக்கும். அந்த அக்கா முன்னால் போய் அடுத்த புள்ளியில் கம்பை நடுவார். சர்வேயர் காம்பஸ் வழியாகக் கம்பைப் பார்த்து, திசையை எண்ணாகச் சொல்வார். சகோதரர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய், தூரம் எத்தனை மீட்டர் என்று அங்கிருந்து கத்துவார்கள். இரண்டு எண்களையும் நான் புத்தகத்தில் எழுதுவேன். பிறகு எல்லாரும் கம்பு நட்ட இடத்துக்குப் போய், அங்கே கற்களைக் குவித்து வைத்துவிட்டு, அடுத்த புள்ளிக்குத் தயாராவோம்.

ஆவணி மாதம். காலையில் ஆரம்பிக்கும் தூறல் மதியம் வரை விடாது. புத்தகத்தை ரெக்ஸின் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தேன். எண்கள் காதில் விழுந்த பிறகு குடையை விரித்துத் தோளில் சாய்த்து, பையைத் திறந்து, பக்கத்தைத் தேடி, பென்சிலை எடுத்து எழுத அரை நிமிஷமாவது ஆகும். அதுவரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். நூத்திப் பன்னெண்டு, அம்பத்தி மூணு. நூத்திப் பன்னெண்டு, அம்பத்தி மூணு. எழுதி முடித்ததும் அவை மனதை விட்டுப் போய்விடும். அடுத்த இரண்டு எண்கள் வந்து உட்காரும். இதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. எத்தனை எண் சொன்னாலும் திருப்பிச் சொல்லும் வாய் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

அந்த அக்காவிடம் இருந்த திறமை வேறு மாதிரி. சர்வேயர் மேட்டில் நின்று, “ஏம்மா, அந்தப் பாறைக்கு வலது பக்கம், ரெண்டு மரத்துக்கும் நடுவுல” என்று கையைக் காட்டுவார். அக்கா ஒரே ஒரு முறை பார்ப்பார். பிறகு சரிவில் இறங்கிப் புதருக்குள் போய்விடுவார். உள்ளே போனால் பாறையும் தெரியாது, மரமும் தெரியாது. ஆள் கண்ணில் படமாட்டாரே தவிர, குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார் செய்யும் அழிச்சாட்டியம், போன வருஷம் பலாவில் விழுந்த பூச்சி, கரடி வந்து போன கதை. பேசிக்கொண்டே போய், சொன்ன இடத்தில் அடி பிசகாமல் கம்போடு எழுந்து நிற்பார்.

அவர் ஒரு நாள் காய்ச்சலால் வரவில்லை. கம்பை நான் எடுத்துக்கொண்டு போனேன். ‘பாறைக்கு வலது, ரெண்டு மரத்துக்கு நடுவுல’ என்று என் வழக்கப்படி சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே நூறு பாறைகள், ஆயிரம் மரங்கள். புதரை விட்டு வெளியே வந்தபோது ஐம்பது மீட்டர் தள்ளி நின்றிருந்தேன். மறுநாள் அண்ணன்காரர் இதைச் சொல்லிச் சிரித்தபோது அந்த அக்கா என்னிடம் கேட்டார்:

“எடத்தப் போய் வாயில இன்னாத்துக்கு வெச்சிகினு போனீங்க ரைட்டரே? கண்ணுலதான் வெச்சிகினு போவணும்.”

அந்த அக்காவும் ஒரு நாள் தடுமாறினார். சர்வேயர் இடத்தைக் காட்டிவிட்டு, அக்கா இறங்கத் தொடங்கியதும், அதற்கடுத்த புள்ளி எங்கே வரும் என்று துண்டை வீசி வீசிக் காட்ட ஆரம்பித்தார். அக்கா பாதியில் நின்றுவிட்டார்.

“கைய ஆட்டாதீங்க சாரு. நீங்க ஆட்டுனா நான் வெச்சிகினு இருந்த எடம் அழிஞ்சி போவுது.”

“பேச்சு மட்டும் ஓயாது. கைய ஆட்டுனா அழிஞ்சி போவுதாம்” என்றார் சர்வேயர். அவருக்கு அது திமிராகப் பட்டது. நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்து ஒரு சுற்றை முடித்தோம். நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் சர்வேயர் தாளை விரித்து, என் புத்தகத்தைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்தார். கடைசிக் கோடு முதல் புள்ளியில் வந்து சேர வேண்டும். சேரவில்லை. பத்து மீட்டர் இடைவெளி விட்டு நின்றது. காம்பஸ் எண்களை அவர் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துச் சரிபார்ப்பவர். அவற்றில் பிசகில்லை. அப்படியானால் தப்பு தூரத்தில்தான். இடைவெளி எந்தத் திசையில் விழுந்திருக்கிறதோ அதே திசையில் ஓடும் கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினேழாவது கோடு. அது அந்த அக்காவின் புளிய மரங்களை ஒட்டிப் போகும் கோடு.

சர்வேயர் பென்சிலைக் கீழே வைத்தார். வாசலில் நின்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

“சங்கிலி வந்து போனதுக்கப்புறம் கம்பை பத்து மீட்டர் முன்னால தள்ளி வெச்சிருக்கே. ரெண்டு மரம் உங்க பக்கம் வந்துடும்னு கணக்கு. இல்லையா?”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

“அந்த மரம் எப்பவும் எங்க பக்கந்தான் கீது. நான் எதுக்கு தள்ளி வெக்கணும்? நான் வெச்ச எடம் ஒண்ணொண்ணும் என் கண்ணுல கீது. வாங்க, இப்பவே காட்டறேன்.”

“ஒண்ணும் காட்ட வேணாம். திங்கக்கெழமை வேற ஆள் பார்த்துக்கறோம்.”

அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். என்னைப் பார்த்தார். “ரைட்டரே, நீங்க சொல்லுங்க” என்றார். புத்தகத்தில் பதினேழாவது வரியில் எழுபத்தாறு என்று என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. சர்வேயர் துணி துவைக்க ஓடைக்குப் போனதும், சகோதரர்களைச் சங்கிலியோடு அழைத்துக்கொண்டு அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நேத்து காட்டறேன்னு சொன்னீங்களே அக்கா. எனக்குக் காட்டுங்க” என்றேன்.

“நேத்து வாய மூடிகினு இருந்தீங்க. இன்னிக்கி இன்னா?”

“நேத்து தைரியம் இல்ல.”

கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். பதினேழாவது புள்ளிக்கு அவரே முன்னால் நடந்தார். சங்கிலியை இழுத்தோம். கற்குவியல் வரைக்கும் தூரம் எண்பத்தாறு மீட்டர். புத்தகத்தில் எழுபத்தாறு. சரி, சர்வேயர் சொன்னதுபோலக் கம்பு முதலில் எழுபத்தாறில் இருந்து பிறகு நகர்ந்ததா? எழுபத்தாறு எங்கே விழுகிறது என்று சங்கிலியை அளந்து வைத்தோம். அது ஓடைப் பள்ளத்துக்கு நடுவே, முழங்கால் அளவு தண்ணீரில் விழுந்தது. பள்ளம் ஓர் ஆள் ஆழம். அங்கே கம்பு நட்டிருந்தால் மேட்டில் நின்ற சர்வேயரின் காம்பஸுக்குத் தெரிந்தே இருக்காது.

தம்பிக்காரர் அதைப் பார்த்ததும் சட்டென்று சொன்னார். “நாங்க இந்தத் தண்ணி தாண்டி மேல ஏறித்தான் கத்துனோம் ரைட்டரே. கால்ல அட்டை கடிச்சிது, நல்லா ஞாபகம் கீது.”

“எவ்ளோன்னு கத்துனீங்க?”

கத்தியதோடு அவர்களுக்கு அந்த எண் மறந்துவிட்டது. ஆனால் அண்ணன் வேறொன்று சொன்னார்: “நான் கத்தன ஒடனே சாரு அங்கேர்ந்து உங்கள இன்னமோ கேட்டாரு. நீங்க பதினேழுன்னு பதில் கத்துனீங்க.”

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடையை விரித்துக்கொண்டே, எண்பத்தாறு, எண்பத்தாறு என்று முணுமுணுத்தபோது, “இது எத்தனாவது புள்ளிப்பா?” என்று சர்வேயர் கேட்டார். “பதினேழு சார்” என்றேன். அந்த ஏழு என் வாயில் நின்றுவிட்டது. எண்பத்தாறும் எழுபத்தாறும் ஒலியில் அக்கா தங்கை மாதிரி. திரும்பவும் முணுமுணுக்க வந்தபோது எழுபத்தாறுதான் வந்தது. அதையே எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதிவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று அங்கேயே அவர்களிடம் சொன்னேன். அந்த அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ அது எப்படி நடக்கும் என்பதில்தான் அக்கறை வந்தது.

“எங்க, இப்ப நான் ஒரு நெம்பர் சொல்றேன், வெச்சிகினு இருங்க. நாப்பத்தி ஒம்போது, அறுவத்தி மூணு. சரியா? உங்க வூட்டுல எத்தினி பேரு?”

“அஞ்சு.”

“இப்ப நெம்பர சொல்லுங்க.”

நாற்பத்தொன்பது வந்தது. மற்றது அறுபத்தைந்தா, அறுபத்து மூன்றா என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார். அடுத்த முறை எண்களைச் சொல்லிவிட்டு வாயே திறக்காமல் ஒரு மரத்தைக் காட்டினார், ஒரு பாறையைக் காட்டினார், மேலே வட்டமிட்ட பருந்தைக் காட்டினார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். எண்கள் அப்படியே இருந்தன. ஐந்தாறு முறை மாற்றி மாற்றிச் செய்தோம். யாராவது என்னைப் பேசவைத்தால் எண் போய்விடும். பார்க்கவைத்தால் போகாது. பிறகு நான் அவருக்குப் பரீட்சை வைத்தேன். தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அவரைப் பேசவிட்டேன். மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், போய்ச் சரியாக நின்றார். வேறோர் இடத்தைக் காட்டிவிட்டு, அவர் கண்ணெதிரே கையால் கோலம் போடுவதுபோல வளைத்து வளைத்துக் காட்டினேன். பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

“சொன்னேன் இல்ல, கைய ஆட்டக் கூடாதுன்னு!” அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே தலைக்குள் எண்ணுக்கு ஓர் அறை, இடத்துக்கு ஓர் அறை என்று இரண்டு இருக்கின்றன என்பதை அந்த ஓடைக் கரையில் நாங்கள் இருவரும் கண்டுபிடித்துவிட்டதாகவே எனக்குப் பட்டது.

சர்வேயர் ஈரத் துணிகளோடு திரும்பி வந்தபோது நேரே போய்ச் சொன்னேன். “சார், கம்பு நகரல. எண்பத்தாறை நான்தான் எழுபத்தாறுன்னு எழுதிட்டேன்.” ஓடையைப் பற்றியும், அவர் கேட்ட கேள்வியைப் பற்றியும், நான் சொன்ன பதிலைப் பற்றியும் சொன்னேன். துணியை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு அவர் தாளை விரித்தார். பதினேழாவது கோட்டைப் பத்து மீட்டர் நீட்டி, அதற்குப் பின்னாலிருந்த கோடுகளை எல்லாம் அழித்து மறுபடி வரைந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசிக் கோடு முதல் புள்ளிமேல் வந்து உட்கார்ந்தது. பென்சில் முனை அளவுகூட இடைவெளி இல்லை.

“அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடு, நாளைக்கு வரச் சொல்லு” என்றார்.

“நான் என் தப்பைச் சொல்லிட்டேன் சார். அவங்கள திருடின மாதிரி பேசுனது நீங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.”

அப்படிப் பேசியது நானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் முறைத்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலை அவர் காம்பஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, அந்த அக்காவின் வீட்டு முன்னால் போய் நின்றார். ஊரார் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழும்படி, “நான் சொன்னது தப்பும்மா. கம்பு சரியான எடத்துலதான் இருந்தது. வேலைக்கு வாங்க” என்றார். அதுவரை அவர் அந்த அக்காவை ‘வாங்க’ என்று சொன்னதில்லை.

அந்த அக்கா உடனே எழுந்து வந்துவிடவில்லை.

“வர்றேங்க. ஆனா ஒண்ணு. ரைட்டரு எழுதி முடிக்கற வரைக்கும் யாரும் அவர்கிட்ட பேசக் கூடாது. நான் எடம் பாத்துட்டு போறப்ப யாரும் கைய ஆட்டக் கூடாது.”

சர்வேயர் தலையாட்டினார். நான் எழுதிவிட்டு “ஆச்சு!” என்று கத்தும்வரை அந்த மலையில் யாரும் வாயைத் திறக்கவில்லை, அந்த அக்காவைத் தவிர. அவர் பேச்சு தூரத்தில் இருந்ததாலோ, எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததாலோ, என் எண்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. மார்கழிக்குள் மீதிச் சுற்றுகளையும் முடித்தோம். எல்லாம் புறப்பட்ட புள்ளியிலேயே வந்து மூடின. பிறகு நான் அளவை வேலையிலேயே நிலைத்துவிட்டேன். போன இடமெல்லாம் அந்த அக்காவின் இரண்டு விதிகளையும் கொண்டுபோனேன்.

எட்டு வருஷம் கழித்து என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, லேசான பக்கவாதம் வந்தது. ஆலங்காயம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் அவர். பத்து நாளில் கை கால் சரியாகிவிட்டது. பேச்சிலும் பழுதில்லை. கடைக்குத் திரும்பினார். ஆனால் “ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம, ஒரு காபி” என்று யாராவது சொன்னால், பாத்திரத்தைக் கையில் எடுப்பதற்குள் அது அவரை விட்டுப் போய்விடும். திருப்பிக் கேட்பார். மறுபடி சொல்வார்கள். மறுபடி போய்விடும். காத்திருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

லீவில் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“புத்தி போச்சிடா. கட வேணாம்.”

“இன்னா நைனா சொல்ற? வாணியம்பாடி பஸ் எத்தினி மணிக்குன்னு இப்பகூட நீதானே எல்லாருக்கும் சொல்ற?”

“அது பழசுடா. இப்ப காதுல வுழறது நிக்க மாட்டேங்குது.”

அதைக் கேட்டதும், மலையில் என் வாயில் நிற்காமல் போன எண் எனக்கு ஞாபகம் வந்தது. வேலூரில் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு எண் வரை வந்தது. மூன்றாவது சேர்ந்தால் எல்லாம் கலைந்தது. நைனா என்னைப் பார்க்க வெட்கப்பட்டு ஜன்னலைப் பார்த்தார். அப்போது நான் டாக்டரிடம், “சார், காதால கேட்கறதை விட்டுட்டு, கண்ணால பார்க்கறதைக் கேட்டுப் பாருங்களேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட், மைக்கூடு, மணி, சாவி என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “இதே வரிசையில தொடுங்க” என்றார். நைனா தொட்டார். ஐந்து, பிறகு ஆறு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டர் சிரித்தார். “உங்களுக்கு யார் இதைச் சொன்னது?” என்று கேட்டார். மலையில் ஓர் அம்மா என்றேன். அவர் விளக்கியதில் எனக்குப் புதிதாக இருந்தவை கொஞ்சம்தான். கேட்ட சொற்களை மூளை தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சில விநாடிகள் பிடித்துவைத்திருக்கும். பார்த்த இடங்களை வேறொரு பகுதி பிடித்துவைத்திருக்கும். இரண்டையும் வைத்து அடுத்து என்ன செய்வது என்று பார்த்துக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. நைனாவுக்கு அடிபட்டது முதலாவது மட்டும். “மத்த ரெண்டும் நல்லா இருக்கு. வேலை கொடுங்க” என்றார்.

அடுத்த வாரம் தச்சரைக் கூப்பிட்டு, கடை முன்னால் ஒரு நீளப் பலகை அடித்தேன். அதில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டு நாலு கட்டமாகப் பிரித்தேன். முதல் கட்டம் சாதா டீ, அடுத்தது ஸ்ட்ராங், மூன்றாவது சர்க்கரை இல்லாதது, கடைசி காபி. வருகிறவர் கூடையிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துத் தனக்கு வேண்டிய கட்டத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நைனா பலகையை ஒரு பார்வை பார்ப்பார், திரும்புவார், பால் ஆற்றுவார், ஊற்றுவார். முதல் நாள் ஏழு கிளாஸ் ஒன்றாக வந்தன. நான் கடைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழும் சரியாக இருந்தன.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தேன். பஸ் நின்றது. கண்டக்டர் படியிலிருந்தே கத்தினார்: “பெரியவரே, மூணு டீ, ஒண்ணு ஸ்ட்ராங்!”

நைனா அடுப்பிலிருந்து திரும்பாமலே கரண்டியால் பலகையைத் தட்டினார்.

“கத்தாதப்பா. எறங்கி வந்து கிளாஸ வெச்சிட்டு போ. நான் பாத்துக்கறேன்.”

கண்டக்டர் இறங்கி வந்து வைத்தார்.